வண்டி ஓடும், இரவில் எங்கே நிற்கும்?

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் இருக்கும் ஒரகடம், தாம்பரத்துக்காரர்களுக்குப் பக்கத்து ஊர்தான். பாரத்பென்ஸ் லாரிகளும் பேருந்து சேசிஸ்களும் அங்குள்ள டெய்ம்லர் ஆலையில் தயாராகின்றன. 2021-ல் கேரளச் சுற்றுலாத் துறை கேரவன் சுற்றுலாவைக் கையில் எடுத்து, அக்டோபர் மாதம் முதல் வண்டியை மக்கள் முன்னால் நிறுத்தியது. படுக்கை, சமையல் மேடை, ஃப்ரிட்ஜ், குளியலறை, கழிப்பறை என்று சின்ன வீடே உள்ளே இருந்த அந்த வண்டி, பாரத்பென்ஸ் 1017 சேசிஸின் மேல் கட்டியது. அடுத்த பிப்ரவரியில் வாகமனில் கேரவன்களுக்கென்று முதல் பூங்காவையும் திறந்துவிட்டார்கள்.

நம் வாசலில் பிறந்த சேசிஸுக்கு மலையாள மண்ணில் இரவு தங்க இடம் கிடைத்துவிட்டது. ஜி.எஸ்.டி. சாலையிலோ ஈ.சி.ஆரிலோ அப்படியோர் இடத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

கேரவன் என்றால் சினிமா நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி என்று மட்டுமே நினைத்திருந்த காலம் போய்விட்டது. சேலையூர், சிட்லபாக்கம், மேடவாக்கம் பக்கத்து அடுக்ககங்களில் கோடை விடுமுறைப் பேச்சு வந்தால், யாராவது ஒருவர் யூடியூபில் பார்த்த கேரவன் வீடியோவை எடுத்துக் காட்டுகிறார். லாட்ஜுக்கு ஏன் அழ வேண்டும், படுக்கையையும் அடுப்பையும் கூடவே கொண்டு போய்விடலாமே என்று பேச்சு வளர்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் வளர்ந்த ஒரு புதுத்தொழில் நிறுவனமும் மகிந்திராவும் சேர்ந்து, பொலேரோ பிக்-அப்பின் மேல் நான்கு பேர் படுத்துச் சாப்பிடும்படியான கேம்பர் வண்டிகளைக் கொண்டுவரப் போவதாக 2022-ல் அறிவித்தன. தமிழ்நாடு அரசு 2023-ல் வெளியிட்ட சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலாவுக்கு இடம் உண்டு. எனவே இது வெறும் ஆசைப் பேச்சு இல்லை. வண்டியா, ஓட்டல் அறையா என்ற கேள்விக்கு நம் வெயில், நம் சாலை, நம் குடும்பத்தின் தலைக்கணக்கு ஆகியவற்றை வைத்துப் பதில் தேட வேண்டிய நேரம் வந்துவிட்டது.

நம்மிடம் இருக்கும் ஓடும் வீடு

அந்தப் பதிலைத் தேடத் தொடங்கும்போது எதிரே வந்து நிற்பது கேரவன் அல்ல, டூர் வேன். பன்னிரண்டு சீட் டெம்போ டிராவலரோ இருபத்தொரு சீட் வேனோ, தென் சென்னைப் புறநகரில் நடுத்தரக் குடும்பங்கள் பல தலைமுறைகளைச் சேர்த்துக்கொண்டு ஊர் சுற்றுவது அதில்தான். ஆறுபடை வீடு, நவக்கிரகம், வேளாங்கண்ணி, குற்றாலம், கன்னியாகுமரி, ஐயப்பன் கோயில் எல்லாவற்றுக்கும் அதே வேன். மேலே கேரியரில் பெட்டிகள், பின்சீட்டுக்கு அடியில் இருபது லிட்டர் தண்ணீர் கேன்கள், பாய், தலையணை. முதல் நாளுக்குப் புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. சில குழுக்கள் சமையல் மாஸ்டரையும் பாத்திரங்களையும் ஏற்றிக்கொண்டு, வழியில் மரத்தடியும் குழாயும் பார்த்து இறங்கி, சாம்பாரே வைத்துவிடுவார்கள்.

புறப்படும் நேரம் பெரும்பாலும் இரவு ஒன்பது, பத்து. அதற்கு ஒரு காரணம் உண்டு. தாம்பரத்திலிருந்து திருச்செந்தூர் 600 கிலோமீட்டருக்கும் மேல். ராத்திரி ஏறி உட்கார்ந்தால் விடிந்து இறங்கலாம். பகல் வீணாகாது, ஓர் இரவு அறை வாடகையும் மிச்சம். போய்ச் சேர்ந்ததும் குளிக்க, உடை மாற்ற மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றோ இரண்டோ அறை எடுப்பார்கள். பன்னிரண்டு பேரும் அதில் வரிசையில் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போய்விடுவார்கள். சுற்றுலா முடிந்து திரும்பும் இரவும் அதே வேனில்தான் கழியும்.

ஆக, வண்டியில் தூங்குவது நமக்குப் புதிது இல்லை. சாய்ந்த சீட்டில், கழுத்து வலிக்க, பக்கத்துத் தோளில் தலை வைத்துத் தூங்குகிறோம். கேரவன் கொண்டுவருவது நீட்டிப் படுக்கும் மெத்தையும் உள்ளேயே ஒரு கழிப்பறையும்தான். இரண்டும் சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். இரவுப் பயணத்தில் கழிப்பறை கிடைக்காது என்று மாலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வரும் பெண்கள் எல்லா வேனிலும் இருக்கிறார்கள். சர்க்கரை நோயுள்ள பெரியவர்களுக்கு இரண்டு மணி நேரத்துக்கொரு தடவை வண்டியை நிறுத்த வேண்டியிருக்கிறது. கேரவனுக்கு ஆதரவாக ஒரே ஒரு வாதம் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

கணக்குப் போட்டால்

பணக் கணக்கை முதலில் முடித்துவிடலாம், அது சீக்கிரம் முடிந்துவிடும். பன்னிரண்டு பேருக்கு, ஒன்றுக்கு 2,000 ரூபாய் என்று நான்கு அறை எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு இரவுக்கு 8,000 ரூபாய். 2022 ஜூலைக்கு முன்பு 1,000 ரூபாய்க்குள் இருக்கும் அறைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, பிறகு அதற்கும் 12 சதவீதம் போட்டார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு 5 சதவீதம்தான். நம் கணக்கில் 960 ரூபாயாக இருந்த வரி 400 ஆகிவிட்டது. நடுத்தரக் குடும்பத்துக்கு இது நல்ல செய்தி.

கேரவன் பக்கம் வந்தால், ஒரு வண்டியில் நான்கு பேர் படுக்கலாம். பன்னிரண்டு பேருக்கு மூன்று வண்டி, மூன்று டிரைவர், மூன்று டீசல் செலவு, மூன்று டோல். பெரிய மெத்தையும் தண்ணீர்த் தொட்டியும் சுமந்து ஓடும் வண்டி சாதாரண வேனைவிட அதிக டீசல் குடிக்கும். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று போகிறவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு ஓரளவு கட்டுப்படியாகும். பாட்டி, சித்தப்பா, அத்தை குடும்பம் என்று கிளம்பும் கூட்டத்துக்கு வேனும் லாட்ஜும்தான் இன்றைக்கும் மலிவு.

ஓட்டல் பக்கமும் குறை இல்லாமல் இல்லை. தொடர் விடுமுறை வந்தால் அதே அறையின் வாடகை இரண்டு மடங்காகிறது. காலை ஆறு மணிக்குப் போய் நின்றால் பகல் பன்னிரண்டுக்குத்தான் அறை என்கிறார்கள். முட்டி வலியுள்ள அம்மாவுக்குக் கீழ்த்தளத்தில் அறையும் மேல்நாட்டுக் கழிப்பறையும் வேண்டுமென்று முன்பதிவிலேயே கேட்டிருந்தாலும், போய்ப் பார்த்தால் மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. இந்த ஒவ்வொரு எரிச்சலும் சேர்ந்துதான் கேரவன் ஆசையை வளர்க்கிறது.

மே மாதத்து இரவு

கேரவன் வீடியோக்களில் பெரும்பாலும் மலையும் பனியும் ஏரிக்கரையுமாக இருக்கும். நம் சமவெளியில் அக்னி நட்சத்திரத்து இரவு வேறு மாதிரி. பகல் முழுக்க வெயிலில் நின்ற இரும்புக் கூடு நள்ளிரவுக்கும் சூடு ஆறாது. கடலோரத்தில் காற்று ஈரமாகி உடம்பில் பிசுபிசுக்கும். ஜன்னலைத் திறந்தால் கொசு. ஏ.சி. இல்லாமல் தூங்க முடியாது, ஏ.சி. ஓட வேண்டுமென்றால் வெளியிலிருந்து மின் இணைப்பு வேண்டும், அல்லது ஜெனரேட்டரோ எஞ்சினோ இரவு முழுக்க ஓட வேண்டும்.

இந்தக் கடைசி வழி உயிர்க்கொல்லி. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரை அருகே, சாலையோரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஏ.சி.க்காக ஓடிய ஜெனரேட்டரின் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு, வண்டித் தளத்தின் துளை வழியாக உள்ளே ஏறியிருந்தது. கோழிக்கோடு தேசிய தொழில்நுட்பக் கழகத்தின் வல்லுநர்கள் அதே வண்டியில் சோதனை செய்து இதை உறுதிப்படுத்தினார்கள். அந்த வாயுவுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை. தூங்குகிறவருக்கு மூச்சு முட்டி விழிப்பும் வராது. எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி. போட்டுக் காரில் தூங்குகிற நம்மூர் வழக்கத்துக்கும் இதே ஆபத்து உண்டு.

அடுப்பும் அப்படித்தான். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை மதுரை ரயில் நிலையத்தின் யார்டில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டி தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். லக்னோவிலிருந்து யாத்திரை வந்தவர்கள். பெட்டியை எடுத்துப் பல நாளாக அதிலேயே தங்கி, விதிக்குப் புறம்பாக உள்ளே சிலிண்டரும் வைத்திருந்தார்கள். நின்றிருக்கும் பெட்டிதானே, தேநீர் போட்டால் என்ன என்று தோன்றியிருக்கும். நம் வேன்களின் பின்பக்கத்தில் துணிமூட்டைகளுக்கு நடுவே வீட்டு சிலிண்டரைப் படுக்கவைத்துக் கொண்டுபோகும்போது நமக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. தயவுசெய்து வேண்டாம். முதல் வேளைக்குக் கட்டுச்சோறு, அடுத்த வேளைக்கு அந்தந்த ஊர் மெஸ். அதுவே போதும்.

சட்டத்திலும் ஒரு வார்த்தை. சொந்த வேனின் சீட்டைக் கழற்றிவிட்டுக் கட்டிலும் அடுப்பும் பொருத்தித் தரும் பட்டறைகள் கிடைக்கும். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதற்குத் தடை போடுகிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லியிருக்கிறது. குடியிருப்பு வசதியுள்ள வண்டிகளுக்குத் தனித் தரநிலையும் பதிவில் தனி வகையும் இருக்கின்றன. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அந்த வகைக்கு மாற்றிக்கொள்ளாத வண்டி விபத்தில் சிக்கினால், இன்சூரன்ஸ் கைகொடுப்பது சந்தேகம்.

மலைக்குப் போனால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை மூடியிருக்கும். திம்பம் மலைப்பாதையிலும் 2022 முதல் இரவுக் கட்டுப்பாடு. யானையும் சிறுத்தையும் கடக்கும் பாதைகள் இவை, கட்டுப்பாடு சரிதான். நினைத்த இடத்தில் ஓரங்கட்டிப் படுத்துக்கொள்ளலாம் என்ற கனவுக்கு நம் மலைகளில் இடம் இல்லை.

சத்திரம் எதற்கு இருந்தது

நம் முன்னோர்களும் வண்டியிலேயே வாழ்க்கையைக் கட்டிக்கொண்டுதான் யாத்திரை போனார்கள். கூண்டு வண்டியில் அரிசி, பருப்பு, பாத்திரம், மாட்டுக்கு வைக்கோல் எல்லாம் ஏறும். ஆனால் இரவுக்கு ஒரு சத்திரத்தை வந்து சேர்வார்கள். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801-ல் ஆங்கிலேய ரெசிடென்ட்டுக்குத் தன் சத்திரங்களைக் காப்பாற்றச் சொல்லி எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. சாதி பார்க்காமல் எல்லா வழிப்போக்கர்களுக்கும் அங்கே சோறு உண்டு, நோயில் விழுந்தவர்களுக்கு வைத்தியம் உண்டு என்று அதில் விவரிக்கிறார். ஆக்கிய சோறு வேண்டாதவர்களுக்கு அரிசியும் மளிகைச் சாமானும் கொடுத்துவிடுவார்கள், அவர்கள் பொங்கிச் சாப்பிட்டுக்கொள்வார்கள். ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் இன்றும் அந்த ஏற்பாட்டின் அளவைக் காட்டிக்கொண்டு நிற்கிறது.

சமைப்பவருக்கு அரிசி, சமைக்க முடியாதவருக்குச் சோறு. வண்டியா விடுதியா என்று அங்கே யாரும் போட்டி வைக்கவில்லை. வண்டியில் வந்தவர் இரவில் இறங்கி இளைப்பாற ஓர் இடம் இருந்தது, அவ்வளவுதான். நான் இந்தக் கட்டுரை முழுக்கச் சொல்ல வருவதும் இதுதான். நம் நெடுஞ்சாலைகளில் வண்டிக்குக் குறைவில்லை, ஓட்டலுக்கும் குறைவில்லை. வண்டி நின்று மனிதர்கள் குளித்து, கழிவறை போய், பயமில்லாமல் படுக்கும் இடம்தான் காணாமல் போய்விட்டது.

பக்கத்து மாநிலத்தில் ஒரு எளிய பரிசோதனையே இதை நிரூபித்தது. 2020 நவம்பரில் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம், ஓட்டத்துக்கு லாயக்கில்லாத பழைய பேருந்துகளைப் படுக்கை வண்டிகளாக மாற்றி மூணாறு பணிமனையில் நிறுத்தியது. ஒரு படுக்கைக்கு இரவு 100 ரூபாய். மூணாறில் அறை எடுக்க வசதியில்லாத இளைஞர்களும் குடும்பங்களும் தேடிவந்து தங்கினார்கள். அந்தப் பேருந்தில் குளியலறை கிடையாது. பணிமனையின் கழிப்பறையும் காவலும் வெளிச்சமும்தான் பழைய இரும்பை விடுதியாக்கின.

ஜப்பானில் 1993 முதல் சாலையோர நிலையங்கள் என்று ஓர் ஏற்பாடு வளர்ந்திருக்கிறது. இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும் இலவசக் கழிப்பறை, வண்டி நிறுத்த இடம், அந்தப் பகுதி விவசாயிகளின் காய்கறி விற்கும் கடை. இப்போது 1,200-க்கு மேல் இருக்கின்றன. கேரளத்தின் கேரவன் பூங்காவுக்குக் குறைந்தது 50 சென்ட் நிலமும் ஐந்து வண்டி நிற்கும் இடமும் இருந்தால் போதும். முட்டுக்காடு, முதலியார்குப்பம் படகுக் குழாம்களிலும் மாமல்லபுரத்திலும் நம் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் ஏற்கெனவே இயங்குகிறது. அங்கெல்லாம் பத்து வண்டிக்கு மின் இணைப்பு, குளியலறை, கேரவனின் கழிவுத் தொட்டியைக் காலி செய்யச் சாக்கடை இணைப்பு என்று செய்து கொடுத்தால், கேரவன்காரர்களும் பயன்படுத்துவார்கள், வேன்காரர்களும் பயன்படுத்துவார்கள். கழிவை ஊற்ற இடம் கொடுக்காமல் கேரவனை மட்டும் வரவேற்றால், அந்தத் தொட்டி பாலாற்றுப் படுகையிலோ ஏரிக்கரையிலோதான் திறக்கும்.

வண்டியில் உண்மையில் தங்குகிறவர்

நம் சுற்றுலாக்களில் எல்லா இரவும் வண்டியிலேயே தங்கும் ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார். டிரைவர். நாம் லாட்ஜில் அறை எடுத்துப் போனதும், அவர் பின்சீட்டில் காலை மடக்கிப் படுக்கிறார். கொசுவர்த்தி, ஜன்னலில் துண்டு, விடியற்காலை கட்டணக் கழிப்பறை. ஏ.சி. போட்டுக்கொள்ள அவருக்கு அனுமதி இருக்காது. பேட்டாவில் மிச்சம் பிடித்தால்தான் வீட்டுக்குக் கொண்டுபோக முடியும் என்பதால் தனி அறையும் எடுக்க மாட்டார்.

தென் புறநகரின் வேன்களில் பல, வார நாட்களில் ஓ.எம்.ஆர். ஐ.டி. நிறுவனங்களுக்கும் ஒரகடம், மறைமலைநகர் ஆலைகளுக்கும் ஷிஃப்ட் ஓட்டுபவை. வெள்ளிக்கிழமை மாலை ஷிஃப்டை இறக்கிவிட்டு அதே டிரைவர் இரவு பத்து மணிக்கு நம் அடுக்கக வாசலில் வந்து நிற்கக்கூடும். நாம் மிச்சம் பிடித்த அறை வாடகையை அவர் தன் தூக்கத்தால் கட்டுகிறார். 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதன் இடத்துக்கு வரும் வரை, நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று பொதுவான வரம்பு வைத்திருந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 91-வது பிரிவு அந்த நேர வரம்பை வாடகை வண்டி ஓட்டுபவர்களுக்கும் கொண்டுவந்தது. விக்கிரவாண்டி தாண்டி அதிகாலை மூன்று மணிக்குக் கண் சொருகும் டிரைவரிடம் அந்தச் சட்டப் புத்தகம் எதையும் மாற்றியிருக்காது. மாற்ற முடிந்தவர்கள் பின்னால் தூங்கிக்கொண்டிருக்கும் நாம்தான்.

அரசு ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. 2023 ஜூனில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் திருத்தம் கொண்டுவந்து, ஓட்டல்களும் லாட்ஜுகளும் விருந்தினர்களின் டிரைவர்களுக்குக் கட்டிலும் கழிப்பறையும் குளியலறையும் உள்ள தங்கும் கூடம் தர வேண்டும், வளாகத்தில் இடமில்லையென்றால் 250 மீட்டருக்குள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று சொன்னது. விதி வந்துவிட்டது, கேட்கும் வழக்கம் வரவில்லை. மெத்தை, ஏ.சி., வைஃபை, காலை உணவு பற்றியெல்லாம் போனில் விசாரிக்கும் நாம் டிரைவர் எங்கே படுப்பார் என்று விசாரிப்பதில்லை.

ஆகவே தாம்பரத்திலிருந்து கிளம்பும் பெரிய குடும்பத்துக்கு என் தேர்வு இது. வேன் எடுங்கள், அறையும் எடுங்கள். இரவு பத்துக்குப் பதில் விடியற்காலை நாலரைக்குப் புறப்படுங்கள். பரனூர் டோல்கேட்டை நெரிசல் தொடங்கும் முன்பே தாண்டிவிடலாம், மதியச் சாப்பாட்டுக்குத் திருச்சி தாண்டியிருப்பீர்கள். முதல் இரவை மதுரையிலோ திருநெல்வேலியிலோ அறையில் கழித்து, மறுநாள் காலை குளித்துத் திருச்செந்தூர் போங்கள். பழநி போகிறவர்களுக்குத் தேவஸ்தானத்தின் தண்டபாணி நிலையம் போன்ற விடுதிகள் உண்டு, கூட்டமில்லாத நாளில் தனியார் லாட்ஜைவிடக் குறைவு. நான்கு பேர் மட்டும் போகிறீர்கள், கேரவன் ஆசை விடவில்லை என்றால், மின் இணைப்பும் கழிவுத் தொட்டி வசதியும் உள்ள பூங்காவை முதலில் பதிவு செய்துவிட்டு, பிறகு வண்டியை வாடகைக்கு எடுங்கள். பிப்ரவரிக்குள் போய்விடுங்கள்.

ஓட்டலுக்கு முன்பணம் அனுப்பும் முன் கேட்க வேண்டியவை இவை: வேன் உள்ளே நிற்குமா, கீழ்த்தளத்தில் எத்தனை அறை, எத்தனை மணிக்கு அறை கிடைக்கும், டிரைவருக்குக் கட்டில் இருக்கிறதா. கடைசிக் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால் 2023-ஆம் ஆண்டு விதியைச் சொல்லிக் கேளுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால், அந்த நான்கு அறையோடு ஐந்தாவதாக ஒரு சிங்கிள் ரூம் எடுத்துச் சாவியை அவரிடம் கொடுங்கள்.